ஓவன் மோட்டாரில் ஓடிய பாட்டு

மிக்ஸி, மின்விசிறி, ஓவன் என்று வீட்டில் சுற்றுகிற எதுவும் சுற்றாமல் நின்றுபோனால், அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு வந்து, "மோட்டாரம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவள் இருப்பாள். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே முக்காலி. முக்காலியின் மெத்தையை மூன்று முறை மாற்றியாயிற்று. அவள் முதுகைத்தான் மாற்ற வழியில்லை.

மோட்டாரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் மோந்து பார்ப்பாள். கருகிய வாடை வந்தால், "இது போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்பாள். வராவிட்டால், "நாளைக்கு வாங்க" என்பாள். வேலை நேரத்தில் இந்த இரண்டைத் தவிர அவள் வேறு பேசியதாக அங்கே யாருக்கும் நினைவில்லை. பேசினாலும் கேட்காது. எட்டு மேசையிலும் எட்டு விதமான இரைச்சல். சாயங்காலம் படியிறங்கும்போது காதுக்குள் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலை எட்டுகிற வரைக்கும் அது அடங்காது.

வீட்டிலோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் புருஷனைத் தட்டுக்காரர் என்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத இடத்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். பாட்டின் பெயர் தெரியாமல் வருகிறவன் மூக்கால் இரண்டு வரி முனகினால் போதும், ஏணியில் ஏறிச் சரியான தட்டை உருவிவிடுவார். பிறகு கேசட் வந்தது, தட்டு படுத்தது. கேசட் படுத்ததும் தட்டு எழுந்துவிடும் என்று காத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கடையைச் சாத்தி, விற்காத அறுநூற்றுச் சொச்சம் தட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பார்சல் கிடங்கு ஒன்றில் முத்திரை குத்தும் வேலைக்குப் போனார்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. படுக்கையறையின் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள். படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்று அவற்றை நிற்கவைத்தார். இடம் போதாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒடுங்கிப் படுத்தார்கள். பால்கனியில் அவளுடைய சொத்து: மூன்று வாளி நிறையச் சின்னச் சின்ன மோட்டார்கள். சாமான் உடைந்து குப்பைக்குப் போகும். உள்ளே மோட்டார் கல்லுப்போல் இருக்கும். ஓடுகிற மோட்டாரை எறிய அவளுக்குக் கை வராது. எதற்காவது ஆகும் என்று எடுத்து வருவாள்.

"ஒருத்தருக்குத் தட்டு சுத்தணும், ஒருத்தருக்கு மோட்டார் சுத்தணும். நடுவுல எனக்குத் தலை சுத்துது" என்பாள் மகள், கல்யாணமாகிப் போவதற்கு முன்பு.

தட்டுக்காரரின் ரெக்கார்டு பிளேயர் ஒருநாள் புகைந்து நின்றது. மோட்டாரம்மா கிட்டே போய் மோந்தாள். கருகல் வாடை. அந்த மாதிரி மோட்டார் இப்போது எங்கும் வருவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"வேற ஏதாச்சும் பொருத்த முடியுமா?" என்றார் அவர்.

"பாக்குறேன்."

அந்தப் 'பாக்குறேன்' மூன்று வருடம் நீண்டது. முதலில் மாதத்துக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தினார். அப்புறம், "ஊரான் வீட்டு மோட்டாருக்கெல்லாம் உனக்கு நேரம் இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உறையிலிருந்து தட்டுகளை எடுத்து மெல்லிய துணியால் துடைத்துத் திரும்ப வைத்துவிடுவார்.

நேரமில்லை என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். பிளேயர் நின்றுபோன அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எத்தனையோ வருடமாகக் கிடைக்காத ஒன்று கிடைத்தது போலிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு காலையில் தட்டுக்காரர் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, அவற்றோடு பேச்சும் போயிற்று. சொல்வது புரிந்தது; பதில்தான் வரவில்லை. வாயைத் திறப்பார், தொண்டை அசையும், காற்று மட்டும் வரும். கண்ணை மூடிக்கொள்வார்.

வாழ்க்கை ஷிப்ட் முறைக்கு மாறியது. மகளுக்குச் சாயங்கால வேலை. பகலில் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். ஆறு மணிக்கு மோட்டாரம்மா படியேறி வந்ததும், "சாப்டாரு, மாத்திரை ஒண்ணு பாக்கி" என்று சொல்லிக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு இறங்குவாள். காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு மோட்டாரம்மா வேலைக்குக் கிளம்பும்போதே ஒரு முழு நாள் வேலை முடிந்திருக்கும். ஒரு நாள் மேசையில் மோட்டாரின் ஆர்மேச்சரை ஒரு கையில் வைத்தபடி உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிப்போனாள். பக்கத்து மேசையில் ஃப்ரிட்ஜ் பார்க்கும் ஆள், எல்லாரும் 'குளிரு' என்று கூப்பிடுகிறவன், அவள் மறு கையிலிருந்து சூடான சாலிடர் அயனை மெதுவாக உருவி வைத்தான்.

வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற பெண் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். சாவி, நாற்காலி, குடை. 'இது எனக்குத் தெரியாதா?' என்பது போல அவர் அவளையே பார்ப்பார். நாலு மாதம் கழித்து அந்தப் பெண் சொன்னாள்:

"அம்மா, சில பேருக்குப் பேச்சு வராது, ஆனா தெரிஞ்ச பாட்டு வரும். பாட்டுக்கு மூளையில வேற வழி இருக்கு. அவருக்குப் பிடிச்சதா நாலு பாட்டு போட்டுப் பாருங்களேன்."

மகள் அன்றைக்கே போனில் பாட்டைத் தேடி எடுத்து அப்பா காதருகில் வைத்தாள். அவர் இடது கையால் போனைத் தள்ளினார். சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மறுபடியும் தள்ளினார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"என்னப்பா, ஃபேன் போடணுமா?" போட்டாள். தலையை ஆட்டினார். "கடிகாரமா? மணி என்னன்னு கேக்குறீங்களா?" இல்லை. "தோசைக்கல்லு? பசிக்குதா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவோரம் நின்ற மோட்டாரம்மாவுக்கு முதல் வட்டத்திலேயே புரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

இரண்டு நாள் அப்படியே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பிளேயரைத் துணியில் சுற்றி, மோட்டார் வாளி ஒன்றையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

"என்னக்கா, குடித்தனமே இங்க மாத்தியாச்சா?" என்றான் குளிரு.

"தட்டு சுத்தணும். நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்து, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சத்தமும் வரக் கூடாது."

"நம்ம கடையில சத்தம் வராத மோட்டாரா? கரண்ட் இல்லாதப்பதான்க்கா அப்படி இருக்கும்."

சாப்பாட்டு இடைவேளையில்தான் அந்த வேலை. பிளேயரில் மற்ற எல்லாம் நன்றாகவே இருந்தன: தட்டு வைக்கிற மேடை, முள் பொருத்திய கை, ஒலிபெருக்கி. மோட்டார் ஒன்றுதான் வேண்டும். மிக்ஸி மோட்டாரை அவள் தொடவே இல்லை, அது விமானம் மாதிரி இரையும். முதலில் மேசைவிசிறி மோட்டாரைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாயிற்று, ஆனால் அதன் ரீங்காரம் முள் வழியாக ஏறி, பாட்டுக்கு அடியில் வண்டு புகுந்த மாதிரி கேட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்றைப் பொருத்தினாள். சத்தமில்லை, சூடாகச் சூடாக வேகம் தளர்ந்தது. பாடிக்கொண்டிருந்த பெண் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆண் குரலானது.

"இந்தம்மாவுக்கு மீசை முளைச்சிருச்சுக்கா" என்றான் குளிரு.

மூன்றாவது வாரம்தான் ஓவன் மோட்டார் ஞாபகம் வந்தது. மைக்ரோவேவ் ஓவனுக்குள் கண்ணாடித் தட்டைச் சுற்றுகிற, உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான மோட்டார். சத்தம் கிடையாது. சூட்டுக்கும் பாரத்துக்கும் வேகம் மாறாது. மின்சாரத்தின் துடிப்போடு அது கட்டுண்டது. நிமிடத்துக்கு ஐந்தே சுற்று. ஐந்தை முப்பத்திமூன்றாக்க வேண்டும். உடைந்த வாஷிங் மெஷினின் பெரிய அலுமினியச் சக்கரத்தை மோட்டாரில் மாட்டினாள். தட்டு மேடைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சின்னச் சக்கரம். இரண்டையும் ரப்பர் கயிற்றால் பிணைத்தாள். பெரியது ஒரு சுற்றுப் போனால் சின்னது ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். சின்னதை அரம் போட்டு இழைத்து இழைத்துக் கணக்குக்குக் கொண்டுவரவே நாலு நாள் ஆயிற்று. வேடிக்கை பார்க்க வந்த சூப்பர்வைசர், "ரேஷன் கடைத் தராசு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. தட்டுக்காரரைத் தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுவரில் முதலில் கைக்கு வந்த தட்டை உருவி மகள் மேடைமேல் வைத்தாள். மோட்டாரம்மாவுக்கு மோட்டார் தெரியுமே தவிரத் தட்டு தெரியாது. ஓரத்தில் வைக்க வேண்டிய முள்ளை நட்டநடுவில் வைத்தாள். சுற்ற ஆரம்பித்த பிறகு வைக்க வேண்டியதை முதலிலேயே வைத்தாள். அவர் இடது கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் ஸ்விட்சைத் தட்டிவிட்டாள்.

தட்டு சுற்றியது. சத்தம் வந்தது. ஆனால் அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே பாடுகிறது போல ஒரு குரல். சொற்கள் வால் முன்னாலும் தலை பின்னாலுமாக நழுவி நழுவி வந்தன. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். மோட்டாரம்மா குனிந்து மேடையைப் பார்த்தாள்.

"தப்பு."

"ஆமா, தப்புதான், பின்பக்கமா சுத்துது" என்று குனிந்தபடியே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் வலது பக்கம் சிரிப்பில் சேரவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கோத்தது. "தப்... பு" என்றார் மறுபடியும்.

"அம்மா! அப்பா பேசிட்டாரும்மா!" என்று மகள் கத்தினாள்.

மோட்டாரம்மா முதலில் ஸ்விட்சை அணைத்தாள். தட்டு கெட்டுப்போய்விடக் கூடாது என்று ஏனோ அப்போது தோன்றியது. அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஓவன் மோட்டாருக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஒவ்வொரு தரம் போடும்போதும் அது எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. ஓவனில் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் சோறு சூடாகும். ஆயிரம் ஓவன் திறந்தவளுக்கு இது தெரியும். அவசரத்தில் புத்திக்கு எட்டவில்லை. கிளம்புகிற நேரத்தில் விரலால் மேடையை லேசாகத் தள்ளிவிட்டால், தள்ளின பக்கமே பிடித்துக்கொண்டு ஓடும்.

தள்ளிவிட்டாள். பாட்டு நேராக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது பாடுவார், இப்போது பாடுவார் என்று மகள் போனில் படம் பிடித்தபடி நின்றாள். அவர் பாடவில்லை. உதடுகூட அசையவில்லை. முள் கடைசி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து, இன்னொன்று என்று விரலால் வட்டம் போட்டார். அன்றைக்கு எட்டு தட்டு. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து, திருப்பி, தள்ளிவிட்டு, உட்கார்ந்து. எட்டாவது தட்டு முடிந்தபோது, "இதுக்கு அந்த வாளிய அப்பவே குப்பையில கொட்டியிருக்கலாம்" என்றாள் மோட்டாரம்மா.

மறுநாளிலிருந்து தள்ளிவிடுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போடச் செய்து, இடது கையால் ஸ்விட்ச், இடது கையால் தட்டு. நேராகக் கிளம்பினால் பேசாமல் முள்ளை வைப்பார். பின்பக்கம் கிளம்பினால் "தப்பு" என்று அதட்டி, உள்ளங்கையால் நிறுத்தி, சரியான பக்கம் தள்ளுவார். அந்த ஒரே சொல் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. உப்பில்லாத கஞ்சி தப்பு. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை தப்பு. டிவியில் செய்தி வாசிக்கிறவர் வாயைத் திறந்ததுமே தப்பு.

"நம்ம வீட்டுக்கு ஒரு ஜட்ஜ் வந்துட்டாரு" என்றாள் மகள்.

பயிற்சி கொடுக்கும் பெண் குடைப் படத்தைக் காட்டினாள். "தப்பு" என்றார். அவள் கோபப்படாமல் சிரித்தாள். "நான் பாட்டு வரும்னு நெனச்சேன், திட்டு வந்திருக்கு. எது வந்தாலும் நல்லதும்மா. வாசல் திறந்திருக்குன்னு அர்த்தம்."

ஒரு மாதம் போயிற்று. தட்டு பின்பக்கம் கிளம்புவதும் அவர் அதட்டுவதும் சமையலறை வரை கேட்கும்போதெல்லாம் மோட்டாரம்மாவுக்கு உள்ளுக்குள் உறுத்தும். பழுதுள்ள சாமானைத் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறோமே என்கிற தொழில்காரியின் உறுத்தல். தேய்ந்த ஸ்பிரிங் ஒன்றை வெட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் நாக்கு மாதிரி பொருத்தினாள். தப்பான பக்கம் கிளம்பினால் சக்கரம் அதில் முட்டித் தானே திரும்பிக்கொள்ளும். அரைமணி நேர வேலை. இனி யாரும் தள்ள வேண்டாம்.

"இனிமே ஸ்விட்ச் போட்டா போதும்ங்க. நேராவே ஓடும்" என்றாள்.

அவர் போட்டார். ஓடியது. அணைத்துப் போட்டார். நேராகவே ஓடியது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரே ஒரு தட்டு கேட்டார். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. கஞ்சியில் மறுபடி உப்பு குறைந்தது, ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அட்டைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்ப ஏதாச்சும் அடைப்பா இருக்குமோ?" என்று மகள் பயந்தாள். மோட்டாரம்மாவுக்கும் பயம்தான். மூன்றாவது நாள் மேசைக்கு முன்னால் மடியில் கை வைத்தபடி இருந்த ஆளைப் பார்த்தாள். சர்வீஸ் சென்டரில் வேலையில்லாத நாளில் தானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம் என்று பட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்; பொருத்திய நாக்கைக் கழற்றி வாளியில் போட்டாள்.

அவர் ஸ்விட்சைத் தட்டினார். முதல் தடவை நேராக ஓடியது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். பின்பக்கம்.

"தப்பு!" என்றார், மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிவிடும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு வருஷம் இதச் செய்யாம வெச்சிருந்தேன். நேரமில்லாம இல்ல. சத்தமில்லாம இருந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க. அதான்."

"தப்பு" என்றார் அவர்.

"நான் செஞ்சதா, இப்ப சொன்னதா?"

தொண்டை அசைந்தது, காற்று வந்தது, நின்றது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது. அவர் பேச்சோடு இருந்த காலத்தில் கேட்டிருந்தாலும் இதற்கு நேரான பதில் வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. சட்டையின் இன்னொரு கையை உருவினாள்.

ஒரு வருடம் ஆனது. அவருக்கு முப்பது சொற்கள் வந்தன. 'சரி' வந்தது, 'தண்ணி' வந்தது, மகள் பெயரில் பாதி வந்தது. அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டு வரவே இல்லை. மோட்டாரம்மாவுக்கு முட்டி வலி வந்தது; சர்வீஸ் சென்டர் மேலாளரிடம் பேசித் தரைத்தளத்து மேசைக்கு மாறிக்கொண்டாள். பழைய பக்கத்து மேசைக்காரன் குளிருக்கு மட்டும் அதில் வருத்தம்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. யார் சொல்லி ஏற்பட்டது என்று தெரியவில்லை. பேசி முடிவு செய்ததும் இல்லை. அவள் படியேறி வரும்போது எதுவும் ஓடாது. முகம் கழுவி, ஒரு டம்ளர் காபியோடு பால்கனியில் கால்மணி நேரம் உட்காருவாள். உள்ளே அவர் மடியில் தட்டோடு காத்திருப்பார், உறையைப் பிரிக்காமல். கீழே பேருந்து திரும்பும், யாரோ யாரையோ மாடியிலிருந்து கூப்பிடுவார்கள். காபி தீர்ந்த பிறகும் சில நாள் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

"ம்?" என்பார் அவர் உள்ளிருந்து.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பாள்.